அறிஞர் வாதமும் நம் கடமையும்



பாணேரில் கூடியுள்ள நாம், புனே பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்த பேராசிரியர் டி. டி. கோசாம்பி அவர்களை நினைவுகூர்தல் தகும். குரோமோசோமில் மரபணுக்களுக்கிடையே உள்ள தொலைவைக் கணிக்க, ஆங்கிலேய அறிஞர் ஹால்டேன் 1919இல் ஒரு சூத்திரம் வகுத்தார். ஓரிடத்தில் நிகழும் மரபணுப் பரிமாற்றம் அருகில் மற்றொன்று நிகழ்வதைத் தடுக்கக்கூடும் என்பதையும் கருதி, கோசாம்பி 1940களில் வேறொன்று வகுத்தார். இன்றும் மாணவர் இரண்டையும் கற்கின்றனர். கருத்து வேற்றுமை அங்கே அறிவை வளர்த்தது.

ஐரோப்பிய அரசியலோ வேறு பாடம் புகட்டிற்று. சோவியத் நாட்டில் லைசென்கோவோடு மாறுபட்ட மரபியல் அறிஞர் வாவிலோவ் 1943இல் சிறையில் மாண்டார். 1948இல் லைசென்கோவின் கொள்கைக்கே அரசு முத்திரை கிட்டியது; மரபியல் பல்கலைக்கழகங்களை விட்டே விரட்டப்பட்டது.

நம் நாட்டில் 2023இல் பத்தாம் வகுப்பு மத்தியப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 1,800க்கு மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் பகிரங்கக் கடிதத்தில் கையொப்பமிட்டனர். அப்பாடநூலைப் பயில்வோர் நம் பிள்ளைகளும் அல்லரோ?

கண்ணகியா, மாதவியா எனப் பட்டிமண்டபம் நடத்தும் நாம், ஆண்டுக்கொரு முறையேனும் அறிவியலையும் தமிழில் வாதிடுவோமாக!