ஆறுமணிக்குருவி வரும் காலம்

(தோட்டப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போஷாக்கு பற்றிப் பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். இன்று ஒரு குருவியைப் பற்றிச் சொல்லப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

தீபாவளி அட்வான்ஸ் பேச்சு தொடங்கும் காலத்தில் நம்ம மலைக்கு ஒரு விருந்தாளி வரும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு. வாலோ கட்டை வால். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசிலடிப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர். இந்தியாவில், இமயமலை அடிவாரம் வரையுள்ள காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, சித்திரை வாக்கில் திரும்பிவிடும். நம்ம முன்னோர் தாண்டிய அதே கடலைத்தான் தாண்டுகிறது. தோணிகூட இல்லாமல்.

அது பறப்பது ராத்திரியில். மூடுபனி நேரத்தில் பெரிய வெளிச்சத்தைக் கண்டால் திசை தடுமாறி அங்கே வந்துவிடும். நம்ம ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். கொழுந்து வாட்டும் மாடியில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல், விடிய விடிய லைட். களைத்து வந்த குருவி மோதி விழுகிறது. சில நேரம் லயத்துக் காம்பராவுக்குள்ளும் நுழையும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் காம்பராவுக்கு அப்படி ஒன்று வந்தது. கெட்ட சகுனம் என்று பாட்டி பயந்துவிட்டார். விளக்குமாற்றால் அடித்தது நான்தான். காலையில் கையில் எடுத்துப் பார்த்தேன், ஒரு பிடி கொழுந்துக் கனம்கூட இல்லை. சகுனமாவது ஒன்றாவது! லைட்டைப் பார்த்து வழி தவறிய சீவன், அவ்வளவுதான்.

ஸ்டோர் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆள் இல்லாத மாடியில் லைட்டை அணைக்கலாம். வெளி லைட்டுக்குத் தகர மூடி போட்டு, வெளிச்சம் நிலத்தில் மட்டும் விழச் செய்யலாம். இதைத் தலைவர்மார் துரையிடம் கேட்க வேண்டும்.

விழுந்து கிடந்தால் காட்போட் பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, பூனை எட்டாத இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; இரக்கப்பட்டு ஊற்றியே பலர் கொன்றுவிடுகிறார்கள். விடிந்ததும் மரத்தடியில் திறந்து விடுங்கள்.

கெட்டப்போல் வைத்திருக்கும் தம்பிமார் பின்னால் சிரிப்பது தெரிகிறது. இந்தக் குருவி தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தின்பது. அதைக் குறி பார்த்து அடிப்பதில் என்ன கெட்டித்தனம்? வனசீவராசிகள் சட்டப்படி அது குற்றமும்கூட.

இன்று சாயந்தரம் ஆறு மணிக்கு இஸ்தோப்பில் நின்று காது கொடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பற்றைக்குள்ளிருந்து இரண்டு தட்டாக விசில் கேட்டால், இந்த வருஷத்து ஆள் வந்தாயிற்று.