ஓசையின்றி வரும் பக்கவாதம்



மூன்றாண்டுகளுக்கு முன் தலைச்சுற்றல் என்று மருத்துவரிடம் சென்றேன். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்குப் பக்கவாதம் எப்போது வந்தது?" என்று வினவினார். "வந்ததே இல்லை" என்றேன். "வந்திருக்கிறது, நீங்கள் அறியவில்லை" என்றார். மூளையின் ஆழத்தில் இரண்டு பழைய தழும்புகள் இருந்தன.

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்குழாய் ஒன்று அடைபடின், அதனை நம்பியிருந்த சிறுபகுதி மடிகிறது. பேச்சையோ, கைகால் அசைவையோ ஆளும் இடமாக அஃது இல்லாவிடில் வெளியே ஒன்றும் தோன்றாது. ஆயினும் இத்தழும்புகள் பெருகப் பெருக நினைவு மங்கும், நடை தளரும், பின்னாளில் பெரும்பக்கவாதம் வரும் வாய்ப்பும் மிகும்.

காரணங்களுள் தலையாயது உயர் இரத்த அழுத்தம். அஃது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நுண்குழாய்களின் சுவர் தடித்து உட்புறம் குறுகுகிறது. நீரிழிவு, புகைப்பழக்கம், மிகுந்த கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியன அதற்குத் துணை நிற்கின்றன. இதயம் சீரின்றித் துடிப்பவர்க்கு, அங்கே உறையும் குருதிக்கட்டி மூளைக்குச் சென்று அடைப்பதும் உண்டு.

புகையும் மதுவும் அறியாதவன் நான், புலால் உண்ணாதவன். எனக்கென்ன வரும் என்றிருந்தேன். நாற்பத்தைந்தாம் வயதில் மருத்துவ முகாம் ஒன்றில் 150/100 என்று எழுதித் தந்தனர். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஆகவே சீட்டை மடித்து நாட்குறிப்பில் வைத்துவிட்டேன். ஊறுகாயும் அப்பளமும் இலையை விட்டு அகலவில்லை. மரக்கறி உணவாயினும் உப்பு உப்புதானே! நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாற்பதைக் கடந்தோர் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அழுத்தம் 140/90 அளவிலோ அதற்கு மேலோ தொடர்ந்தால் மருத்துவரை நாடுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள்; நோன்பு நாள்களில் எவ்வாறு உட்கொள்வது என்பதை அவரிடமே முன்கூட்டிக் கேட்டறியுங்கள்.

விழுந்த தழும்பு மறையாது. அடுத்தது விழாமல் காக்கும் முயற்சி நம் கையில் உள்ளது. அந்தச் சீட்டு இன்றும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. உங்கள் இல்லத்திலும் அப்படியொரு சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தால், இன்றே எடுத்துப் பாருங்கள்.