கேட்டறிவோம்



ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் நம் பிள்ளைகளைப் பார்த்து, "சம்பளம் வருகிறது, குறையென்ன?" என்கிறோம். வேறு சிலர், "பாவம், அவர்களுக்கேது சந்தோஷம்?" என்கிறார்கள். பிள்ளைகளையே கேட்டோமா?

1960-களில் அமெரிக்காவில் எட் டீனர் என்ற விவசாயி மகன், கல்லூரியில் படிக்கையில், பண்ணைத் தொழிலாளரின் மகிழ்ச்சியை ஆராய விரும்பினார். அவர்களுக்கு மகிழ்ச்சி கிடையாது, அதை அளக்கவும் முடியாது என்று பேராசிரியர் மறுத்துவிட்டார். மாணவர் பொறுத்திருந்தார். 1974-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ ஆசிரியரானார். தாம் தடுக்கப்பட்டவர், தம் மாணவர்களை ஆய்வில் பங்காளிகளாக்கினார். அவர்களோடு 1985-ல் வெளியிட்ட மனநிறைவு அளவுகோலில் ஐந்தே வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மதிப்பெண் இடுபவர் ஆய்வாளர் அல்லர், வாழ்கிறவரே!

பின்னர் அவரும் மகன் ராபர்ட்டும் கல்கத்தாவின் சேரிவாசிகள், நடைபாதைவாசிகள் உள்ளிட்ட 83 ஏழைகளைக் கேட்டறிந்து, 2001-ல் ஆய்வை வெளியிட்டார்கள். வறுமை மனநிறைவைக் குறைத்திருந்தது. ஆயினும் உலகம் எண்ணிய அளவுக்கு அல்ல. குடும்பமும் நட்பும் அவர்களைத் தாங்கின. இதைச் சொல்லி எவரும் கூலியைக் குறைக்கலாகாது. உறவு சோற்றுக்கு ஈடாகாது. சோறும் உறவுக்கு ஈடாகாது.

டீனர் 2021-ல் காலமானார். அவர் கற்பித்த பாடம் நமக்கும் உரியது. வேலை முடிந்து வரும் மகனிடமும், பக்கத்து வாடகை அறையில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பெண்ணிடமும், "எப்படியம்மா இருக்கிறாய், எப்படியப்பா இருக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.