வெந்நீர் ஊற்றில் கால் வைக்குமுன்

செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள், முட்டையும் அவித்திருப்பீர்கள். ஊற்றுநீரின் வெப்பம் சுமார் 70 டிகிரி செல்சியஸ். படிப்படியாக இறங்கும் குளத்தில் அது சுமார் 40 டிகிரிக்கு ஆறிவிடும். கால் நனைக்க அதுதான் இடம். மூட்டுவலிக்கு இதமாக இருக்கும், நாலு பேரோடு பேசவும் செய்யலாம். தாராளமாகப் போய் வாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் சற்றுக் கவனியுங்கள். பல ஆண்டுகளாக இந்நோய் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். நீர் சுடுவது தெரியாது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் எளிதில் ஆறாது. கிருமி தொற்றினால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஆகவே காலை விட்டுச் சூடு பார்க்காதீர்கள். உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்துள்ளதாக மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் காலை நனைக்கவே வேண்டாம். கரையில் உட்கார்ந்து முட்டையைச் சாப்பிடுங்கள், அதுவும் சுகம்தான்.

வெப்பத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும். பத்து நிமிடம் போதும். தண்ணீர் குடித்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருங்கள்.

வெளியூர் ஹோட்டல்களில் உள்ள சோனா அறை இதைவிட மிகவும் சூடு. இதய நோய் இருந்தால், பயணத்துக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். மது அருந்திவிட்டு உள்ளே போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். நெஞ்சு வலித்தால் உடனே வெளியே வந்து உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரில் என்றால் 995.