செலவும் பயனும்



இத்தனை பேருக்கு உதவினோம், இத்தனை ரூபாய் செலவிட்டோம் என்று ஆண்டறிக்கை எழுதுவது சமூக சேவை செய்யும் நம்மனோர் வழக்கம். அவை நாம் செய்தவை. அவற்றால் விளைந்தது யாது? அதனை அறியாமல், செலவு கூடியதா குறைந்ததா என்று சொல்லுதல் இயலாது.

இரண்டு உதாரணங்களை நோக்குவோம். அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் 1962ஆம் ஆண்டு பெரி பாலர் பாடசாலைத் திட்டம் தொடங்கியது. வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளுள் 58 பேர் சேர்க்கப்பட்டனர். ஏனைய 65 பேர் ஒப்புநோக்குதற்பொருட்டுச் சேர்க்கப்படவில்லை. தேர்ந்த ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடுகளுக்கும் சென்றனர், செலவோ பெரிது. இரு சாராரையும் நாற்பது வயதுவரை அவதானித்தபோது, பாடசாலைக்குச் சென்றோரிடையே வருமானம் கூடியும் குற்றம் குறைந்தும் இருந்தன. பொதுப் பணத்தில் இட்ட ஒவ்வொரு டொலருக்கும் ஏறக்குறைய 13 டொலர் பயன் மீண்டதென ஆய்வாளர் கணித்தனர். அதிற் பெரும்பங்கு குற்றம் குறைந்ததனால் வந்ததே.

1970களில் நியூ ஜேர்சியில், வழிதவறும் இளைஞரைச் சிறைக்கு அழைத்துச் சென்று, ஆயுட்கைதிகளைக் கொண்டு அச்சுறுத்தித் திருத்த முயன்றனர். செலவு சொற்பம், புகழோ பெரிது. ஆயினும் இத்தகைய திட்டங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, சென்றவரே செல்லாதவரிலும் கூடுதலாகக் குற்றம் புரிந்தமை புலனாயிற்று.

ஆகவே மலிவு வேறு, சிக்கனம் வேறு. ஒரு தாயின் மனநிம்மதியைக் காசில் மதிப்பிடல் அரிதுதான். அதற்காக, அளக்கக்கூடியதையும் அளவாது விடுவோமாயின், பணம் தந்தவருக்கு மட்டுமன்றி, நம்மை நம்பி வந்தவருக்கும் அநீதி செய்தவராவோம். அடுத்த பணியைத் தொடங்குமுன்பே, அதன் பயனை எவ்வாறு அறிவோம் என்பதைத் தீர்மானித்துக் கொள்வோமாக.