வண்டி கடைப்படி வரைக்கும் வரும், அதுக்கப்புறம் நாமதான்

(தருமபுரியில் கடை உரிமையாளர்களும் விற்பனைப் பணியாளர்களும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வியாபார நேரத்தில் கடையை விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால் நேரா விஷயத்துக்கு வர்றேன்.

வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட் வீடியோக்களை போனில் பார்த்திருப்பீங்க. வாசலிலேயே பேட்டரி வண்டி நிற்கும். முன்னால் ஒரு கூடை இருக்கும். நடக்க முடியாதவர் அதில் உட்கார்ந்து, கடை முழுக்க ஓட்டிப்போய் சாமான் எடுப்பார். அமெரிக்காவில் பெரிய கடைகளில் இது சாதாரணம். அந்த வண்டிக்கு சார்ஜ் போடுறது, பார்க்கிங்கில் விட்டுட்டுப் போனதை உள்ளே கொண்டுவர்றது, நடுவில் நின்னுபோனால் ஓடிப்போய் உதவுறது எல்லாம் அங்கே கடைப் பணியாளர் வேலை.

நம்ம தருமபுரி கடைவீதியிலோ, அரூர், பாலக்கோடு பக்கமோ நிலைமை வேற. இங்கே வாடிக்கையாளரே தன்னோட வண்டியில் வர்றார். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை தமிழ்நாடு அரசு விலையில்லாமல் தருது. தசைச்சிதைவு நோய், முதுகுத் தண்டுவட பாதிப்பு உள்ளவர்களுக்கு பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி தருது. வீட்டிலிருந்து கடை வாசல் வரைக்கும் அவர் யார் தயவும் இல்லாமல் வந்துடுறார். அங்கே இரண்டு படி இருக்கு. வண்டி நின்னுடுது.

அந்த இடத்தில் முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறது கடைப் பணியாளர்தான். அடுத்த ஐந்து நிமிஷம் எப்படிப் போகணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முதல் விஷயம், கேளுங்க. "என்ன உதவி வேணும் அண்ணா?", "உள்ளே வர்றீங்களா, இங்கேயே எடுத்துட்டு வரட்டுமா அக்கா?" இது போதும். கூட வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன வேணும்?"னு கேட்காதீங்க. காசு கொடுத்து வாங்குறவர் வண்டியில் இருக்கிறவர். ஒரே ஒரு சட்டையைக் கொண்டுவந்து காட்டி "இது நல்லா இருக்கும்"னு சொன்னால், அவர் தேர்ந்தெடுக்க இடமே இல்லை. நாலைந்தை விலையோடு காட்டுங்க. மளிகைக் கடையா இருந்தால், பருப்பைக் கையில் எடுத்துப் பார்க்கக் கொடுங்க.

இரண்டாவது, தூக்காதீங்க. பேட்டரி நாற்காலி ரொம்ப கனம். ஆளோடு சேர்த்துப் படியில் தூக்கினால் அவருக்கும் ஆபத்து, உங்க முதுகுக்கும் ஆபத்து. அவர் அனுமதி இல்லாமல் கைப்பிடியையோ ஓட்டும் குமிழையோ தொடவும் கூடாது. அந்த நாற்காலி அவர் உடம்பு மாதிரி. இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். பேட்டரி தீர்ந்தால் கையால் தள்ளுறதுக்கு மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் இருக்கும். அதை விடுவிச்சதும் பிரேக்கும் வேலை செய்யாது. சரிவான இடத்தில் வண்டி தானா உருண்டுடும். அதனால் கையை எடுக்காமல் பிடிச்சுக்கிட்டு, அவர் சொல்றபடி மட்டும் நகர்த்துங்க.

மூன்றாவது, சந்தேகப்படாதீங்க. வண்டியில் வந்தவர் எழுந்து இரண்டு அடி நடந்தால், "நல்லாத்தானே நடக்கிறார்"னு சிலர் முணுமுணுப்பாங்க. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுது. தசைச்சிதைவு, பார்கின்சன், அரிவாள் செல் நோய் எல்லாம் அதில் இருக்கு. பல குறைபாடுகள் கண்ணுக்குத் தெரியாது. நாலு அடி நடக்க முடிஞ்சவருக்கு நாற்பது அடி முடியாமல் போகலாம். சான்று கேட்கிறது கடைக்காரர் வேலை இல்லை.

இனி உரிமையாளர்களுக்கு. அதே சட்டம், பொதுமக்களுக்கு சேவை தரும் இடங்கள் அரசோ தனியாரோ, எல்லாரும் வந்துபோகும்படி இருக்கணும்னு சொல்லுது. அணுகல் வசதி வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாய விதி வேணும்னு 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு.

சாய்தளத்துக்குக் கணக்கு சுலபம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். அரை அடி உயரப் படின்னா ஆறு அடி சாய்தளம் வேணும். கடை முன்னால் அவ்வளவு இடம் இல்லைன்னா, வாசலில் கை எட்டும் உயரத்தில் ஓர் அழைப்பு மணி வையுங்க. மணி அடிச்சால் யார் வெளியே போகணும், அந்த நேரம் அவர் கவுண்டரை யார் பார்த்துக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. வாடிக்கையாளருக்காக வெளியே போன பொண்ணு, "கவுண்டரை ஏன் விட்டே?"ன்னு திட்டு வாங்கினால், அடுத்த தடவை மணி கேட்டும் கேட்காத மாதிரிதான் இருப்பாங்க.

நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறவர்கிட்ட பொறுமையை மட்டும் எதிர்பார்க்கவும் முடியாது. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரணும்னு 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தாங்க. உட்கார நேரம் கிடைக்கிறவர்தான் இன்னொருத்தர் கஷ்டத்தை நிதானமா கவனிப்பார். கடையில் இரண்டு நாற்காலி கூடப் போடுங்க. ஒன்று பணியாளருக்கு, ஒன்று நிற்க முடியாத வாடிக்கையாளருக்கு.

ரேஷன் கடையிலும் இதே பிரச்சினைதான் இருந்தது. அதுக்காக 2025 ஆகஸ்ட் 12 அன்று 'தாயுமானவர்' திட்டம் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே எடைத்தராசும் விற்பனைக் கருவியும் ஏற்றின வண்டி போகுது. வீட்டு வாசலில் எடை போட்டுத் தர்றாங்க. உங்க தெருவில் யாருக்காவது இது கிடைக்கலைன்னா, ரேஷன் கடையில் கேளுங்க, இல்லைன்னா 1967-க்கு போன் பண்ணுங்க.

ஸ்கூட்டர், சக்கர நாற்காலி வேணும்னா ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகலாம். அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை கையில் இருக்கட்டும். மனு கொடுத்தும் பதில் வரலைன்னா முதல்வரின் உதவி மையம் 1100.

இந்த எண்களை இப்பவே போனில் சேமிச்சுக்குங்க. நாளைக்குக் கடை திறக்கும்போது, வாசல் படியை ஒரு தடவை அளந்து பாருங்க. எத்தனை அங்குலம்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது.