வேலை தேடுவோருக்கும் ஒரு கணக்கேடு



அன்றன்றைய வரவு செலவை எழுதாமல் கடையை அடைப்பது வணிகர் வழக்கமன்று. வேலை தேடும் இளையோருக்கும் அத்தகைய கணக்கேடு தேவை. இன்று அதற்குக் கைப்பேசிச் செயலி ஒன்றே போதும்.

ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் இயங்குகின்றன. எல்லையைக் கடந்தால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா. பல இடங்களுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், எங்கே, எப்பணிக்கு என்பதை மறந்துவிடுகிறார். அம்மறதியே ஏமாற்றுவோருக்கு வாசலாகிறது. “வேலை உறுதி, முன்பணம் அனுப்புங்கள்” என்னும் குரலை நம்பிப் பெற்றோரின் சேமிப்பை இழப்போர் உண்டு.

ஆகவே நிறுவனம், பணி, விண்ணப்பித்த நாள், பேசியவர் பெயர், நேர்காணல் நாள் ஆகிய ஐந்தையும் செயலியில் உடனுக்குடன் பதிதல் வேண்டும். அழைப்பு வந்ததும் அப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. பணியிடம் எம்மாநிலத்தில் என்பதையும் குறிக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வருங்கால வைப்புநிதிக்கான யு.ஏ.என். எண்ணோ எல்லை கடந்தாலும் மாறாது. புதிய வேலையிலும் பழைய எண்ணையே தர வேண்டும்.

மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை 2015 முதலும், தமிழக அரசின் தனியார்துறை வேலை இணையம் 2020 முதலும் வேலை தேடுவோரைக் கட்டணமின்றிப் பதிவு செய்கின்றன. தேடலை அங்கே தொடங்குவது சிறப்பு.

பணம் கேட்பவரின் பெயரைக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். உழைக்க வருபவர் கூலி பெற வருகிறார், கொடுக்க அன்று.